கொட்டாரத்துக்கு ஒரு முழு நாள்

(திருநெல்வேலியில் ஒரு வாசகர் வட்டத்தின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



பள்ளிக்கூடம் பூட்டியதும் நம் வீடுகளில் ஒரு திட்டம் உருவாகும். வேன் பேசியாகிவிடும். சனிக்கிழமை விடியற்காலை புறப்பாடு. கன்னியாகுமரியில் சூரிய உதயம், சுசீந்திரத்தில் தரிசனம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவியில் குளியல், முடிந்தால் முட்டம் கடற்கரையில் அஸ்தமனம். எல்லாம் ஒரே நாளில். நடுச்சாமத்தில் பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கும்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அருவியில் மாமா வழுக்கி விழுந்ததும் வேனில் அத்தைக்குத் தலைசுற்றியதும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

இந்தப் பட்டியலில் அரண்மனைக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதிலும் பாதி, செருப்பு விடுமிடத்தில் போய்விடும். மீதி நேரத்தில் குடும்பத்தலைவர் முன்னே நடப்பார். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால். வெளியே வந்ததும் ஒரு தீர்ப்பு: "சிம்மாசனம் கிம்மாசனம் ஒண்ணுமே இல்லையேப்பா, பூரா மரமால்ல இருக்கு!"

அந்தத் தீர்ப்பை மேல்முறையீடு செய்யத்தான் இன்று வந்திருக்கிறேன். பத்மநாபபுரத்துக்கு முக்கால் மணி நேரம் போதாது, ஒரு முழு நாள் வேண்டும் என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்வேன். அங்கே ராஜாவைத் தேடாதீர்கள். சமைத்தவர், பரிமாறியவர், தரை தேய்த்தவர், மரம் இழைத்தவர், உள்ளே வரவே முடியாமல் வெளியில் நின்றவர், இவர்களைத் தேடுங்கள். அப்போது அந்த வீடு வாய் திறக்கும்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சாலையில் போனால் தக்கலை. அங்கிருந்து கூப்பிடு தூரம்தான் பத்மநாபபுரம். பின்னால் வேளிமலை. பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின், பிறகு திருவிதாங்கூரின் தலைநகர். கோட்டைக்குள் சுமார் 185 ஏக்கர் நிலம். அதற்குள் ஆறரை ஏக்கரில் அரண்மனை வளாகம். உள்ளூர்க்காரர் கொட்டாரம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். 1601-ஐ ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டியது வளர்ந்து, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மா காலத்தில் இன்றைய உருவம் பெற்றது. 1744-ல் பெயர் மாறியது. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரசர்கள் கிளம்பிவிட்டதாலேயே இந்த வீடு பிழைத்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இருந்திருந்தால் இடித்து, சுண்ணாம்பும் இரும்பும் கொண்டு வெள்ளைக்காரர் மோஸ்தரில் மாளிகை எழுப்பியிருப்பார்கள்.

சரி, உள்ளே போவோம்.

வாசலில் முதலில் வருவது பூமுகம். வந்தவரை உட்காரவைக்கும் இடம். அண்ணாந்து பாருங்கள். மரக்கூரை முழுக்கப் பூக்கள், ஒன்றைப் போல ஒன்று கிடையாது. 90 வகை என்பார்கள் காப்பாளர்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அதுவே அரை மணி நேரம் அவர்களைக் கட்டிப்போடும், கழுத்து வலி நம் பாடு. சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு, ஏழு கல்துண்டுகளைப் பொருத்திச் செய்த வழுவழுப்பான கற்கட்டில், சீனத்து நாற்காலி, ஓணத்துக்குக் காணிக்கையாக வந்த வண்ண வில்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் பெரிய பொருள் அந்தக் கூரைதான். ஆசாரிமார் மல்லாந்தும் சாய்ந்தும் எத்தனை மழைக்காலம் அதைச் செதுக்கினார்களோ! ஒருவர் பெயரும் அங்கே பொறிக்கப்படவில்லை.

செங்குத்தான மரப்படி ஏறினால் மேலே மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை செய்த அறை. நீளவாக்கில் ஆசனங்கள், மரச் சாய்ப்பு அடைப்புகள், இடையிடையே வண்ண மைக்கா பதித்த சன்னல்கள். வெளியே கோடை வெயில் கொளுத்தும்போது உள்ளே வந்து பாருங்கள். மின்விசிறி இல்லை, ஆனாலும் வியர்வை அடங்கிவிடும். சாய்ந்த ஓட்டுக்கூரை வெயிலை வாங்கிக்கொள்கிறது. அடைப்புகளின் இடுக்கு வழியே காற்று மட்டும் உள்ளே வருகிறது, மழைச்சாரல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு பருவமழையும் கொட்டும் சீமை அது. அந்த ஊர் மழையோடு வாழத் தெரிந்தவன் கட்டிய வீடு என்பது அங்கே நின்றால் விளங்கும். இன்று நாம் கண்ணாடி மாளிகை கட்டி, அதற்குள் ஏசி போட்டு, மின்கட்டணத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்கிறோம்.

அந்த அறையின் தரையை நிதானமாகப் பாருங்கள். கருங்கண்ணாடி மாதிரி பளபளக்கும். குனிந்தால் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, செடிகொடிச் சாறுகள் இவற்றைக் கலந்து போட்ட தரை என்று சொல்கிறார்கள். வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்பதால் அதன் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். இந்தச் சேர்மானத்தைக் கேட்டதும் எல்லோரும் "அடேயப்பா, அந்தக் காலத்து அறிவு!" என்று வியப்பார்கள். வியக்கலாம். நான் இன்னொன்றையும் யோசிப்பேன். சிரட்டையைக் கரியாக்கி, மாவாக இடித்து, சலித்து, பூசி, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற எத்தனை கைகள் வேண்டும்? எத்தனை முழங்கால்கள் தேய்ந்திருக்கும்? பிள்ளைகள் அந்தத் தரையில் சறுக்கி விளையாடப் பார்ப்பார்கள். காப்பாளர் அதட்டுவார். அந்த நேரம் பார்த்து இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது ஊட்டுப்புரை. நான் அதிக நேரம் நிற்கும் இடம் இது, இன்றும் அதிக நேரம் பேசப்போவது இதைப் பற்றித்தான். மற்றவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். காரணம், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு தளம் கொண்ட நீண்ட கூடம், வரிசையாகத் தூண்கள், ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீனச் சாடிகள், அவ்வளவுதான். தளத்துக்கு 1000 பேர் வீதம் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது கணக்கு.

கல்யாண வீட்டில் பந்தி கவனித்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். 300 பேர் பந்திக்கே நமக்கு மூச்சு முட்டுகிறது. 2000 பேர்! ஆளுக்கு 200 கிராம் அரிசி என்று குறைத்துப் போட்டாலே ஒரு வேளைக்கு 400 கிலோ. அவ்வளவு அரிசியும் குத்தியாக வேண்டும். அன்றைக்கு மில் ஏது? உலக்கைதான். தேங்காய் உடைக்க, துருவ, அரைக்க. விறகு பிளக்க. தண்ணீர் இறைக்க. 2000 இலை நறுக்க. எச்சில் எடுக்க, தரை மெழுக. மறுநாள் முதலிலிருந்து. மன்னர் பெயரைச் சொல்ல ஒரு பலகை இருக்கிறது. உலக்கை பிடித்த பெண்களின் பெயரைச் சொல்ல ஒரு பலகையும் இல்லை. இருக்க வாய்ப்பும் இல்லை, எழுதிவைத்தவர் எவரும் இல்லை.

இனி யார் சாப்பிட்டார்கள் என்று கேட்போம். திருவிதாங்கூர் நாடெங்கும் அரசாங்கச் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. அவை முதன்மையாகப் பிராமணர்களுக்கானவை. அரிசி எங்கிருந்து வந்தது? நாஞ்சில் நாட்டிலிருந்து. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் அதுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரத்து வயல்களில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் அந்த ஊட்டுப்புரை வாசலில் கால்வைத்திருக்க முடியாது. நட்டவர் ஒருவர், குத்தியவர் ஒருவர், உண்டவர் இன்னொருவர். அந்த வெறுங்கூடத்தில் நின்று இதை நினைத்துப் பார்த்தால் "பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்ல வாய் வராது.

எதிரே மணிமாளிகை. பாரக்கற்கள் இறங்கும் விசையில் ஓடும் பழங்காலக் கடிகாரம், உள்ளூர்க் கைவேலை என்கிறார்கள். நேரத்துக்கு மணி அடித்தால் சுற்றுவட்டாரம் கேட்கும். உணவு நேரத்தை, காவல் மாற்றத்தை, வேலை முடிவை அந்த மணியே நிர்ணயித்திருக்கும். முற்றத்தில் ஓர் உருண்டைக் கல் உண்டு. 38 கிலோ. படையில் சேர வரும் இளைஞன் அதை 101 முறை தலைக்குமேல் தூக்க வேண்டும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதைப் பார்த்ததும் நம் வீட்டு இளவட்டங்களுக்குக் கை துறுதுறுக்கும். தொட விடமாட்டார்கள். ஆனால் 38 கிலோ என்றால் என்ன என்று கேஸ் சிலிண்டர் தூக்குகிற வீட்டம்மாவிடம் கேளுங்கள், சொல்லுவார்.

நவராத்திரி மண்டபத்தையும் நாடகசாலையையும் தவறவிடாதீர்கள். முழுக்கவும் மரமாகவே பார்த்து வந்த கண்ணுக்கு அங்கே கல்தூண்கள் எதிர்ப்படும். கூத்தும் கச்சேரியும் நடந்த இடம். ஒரு பக்கம் மரத்தட்டியால் அடைத்த பகுதி இருக்கிறது. அதில் சின்னச் சின்னத் துவாரங்கள். அரண்மனைப் பெண்கள் அந்தத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, துளை வழியாகக் கூத்துப் பார்த்தார்கள். ஒரு துளைக்குக் கண் கொடுத்துப் பாருங்கள். மேடையின் ஒரு துண்டுதான் தெரியும். இத்தனைக்கும் இது மருமக்கள்தாயக் குடும்பம். பட்டம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான் போகும். வம்சமே பெண்வழியில் வருகிறது, அரண்மனையின் மூத்த வீட்டுக்குத் தாய்க்கொட்டாரம் என்று பெயர், ஆனாலும் அந்தப் பெண் கூத்தைப் பார்க்கக் கிடைத்தது ஒரு துளை. பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர்களே நிறையக் கேட்பார்கள்.

உப்பரிகை மாளிகை நான்கு அடுக்கு. கீழே கருவூலம், அதற்கு மேலே அரசரின் படுக்கை. மூலிகை மரத்துண்டுகள் 64 கொண்டு செய்தது என்று சொல்லும் கட்டில் அங்கே இருக்கிறது. உச்சியில் பூசையறை. சுவர் முழுக்க ஓவியங்கள் என்றாலும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, அவருடைய தாசனாக ஆள்வதாக 1750-ல் அறிவித்தவர் மார்த்தாண்டவர்மா. பக்தி இருந்திருக்கும், மறுக்கவில்லை. கூடவே ஒரு கெட்டிக்காரத்தனமும் தெரிகிறது. அதற்குப் பிறகு அரசனை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பதாகிவிட்டது.

எதிர்ப்பு இல்லாமலா இருந்தது? மருமக்கள்தாய முறையால் பட்டம் கிடைக்காத முந்தைய அரசரின் மகன்கள், பப்புத் தம்பியும் ராமன் தம்பியும், மார்த்தாண்டவர்மாவை எதிர்த்து அழிந்தார்கள். வென்றவருடைய வீடு அரண்மனையாக நிற்கிறது. தோற்றவர்களுடைய கதை எங்கே நிற்கிறது தெரியுமா? வில்லுப்பாட்டில். "தம்பிமார் கதை" என்று தென்மாவட்டக் கொடைவிழாக்களில் குடம் தட்டிப் பாடப்பட்டு வந்திருக்கிறது. கொட்டாரத்தைச் சுற்றிக்காட்டுபவர்கள் அந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். புறப்படும் முன் கேட்டுக்கொண்டு போங்கள். அரண்மனைக்கு வரலாறு ஒன்று, ஊருக்கு வரலாறு வேறொன்று. இரண்டும் கையில் இருந்தால்தான் சுற்றுலா சுவைக்கும்.

அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளும் சிற்பங்களும் இருக்கின்றன. மனித உருவ அளவில் ஓர் இரும்புக் கூடும் இருக்கிறது. தண்டனை பெற்றவனை அதற்குள் அடைத்துத் தொங்கவிட்டு, பறவைகள் கொத்தக் கொத்த விட்டுவிடுவார்களாம். அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த ஒரு படத்தை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. "சந்திரமுகி ரூம் எது?" என்று காப்பாளரிடம் கேட்காத குடும்பம் குறைவு. சந்திரமுகிக்கு மூலமான மணிச்சித்ரதாழ் 1993-ல் வந்தது. அதன் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. அதற்கும் முன்பு, 1989-ல் வருஷம் 16. கார்த்திக்கும் குஷ்புவும் ஓடியாடிய அந்தப் பெரிய வீடு இதுதான். என் வயதுக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவது அதனால்தான். அதில் தப்பொன்றும் இல்லை. படத்தைப் பேசிக்கொண்டே உள்ளே நுழையுங்கள், வெளியே வரும்போது வேறு பேச்சு இருக்கட்டும்.

இப்போது கொஞ்சம் கடினமான பகுதிக்கு வருகிறேன். குடும்பத்தோடு போகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். எனக்கு இதுதான் முக்கியம்.

இன்று 9 மணிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கிற குடும்பங்களைப் பாருங்கள். குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வருகிற எல்லாச் சாதியாரும், எல்லா மதத்தாரும் இருப்பார்கள். 200 ஆண்டுக்கு முன்பு அவர்களில் எத்தனை பேர் அந்த வாசலை நெருங்கியிருக்க முடியும்? இதே கல்குளம், இரணியல் வட்டாரத்தில்தான் 1822-ல் தோள்சீலைக் கலகம் தொடங்கியது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டம் விட்டுவிட்டு நடந்து, 1859 ஜூலையில்தான் மேலாடைக்கு அரசு ஆணை வந்தது. அதிலும் மேல்சாதியார் அணிவது போல அணியக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். கொட்டாரத்துக்கு வயது நானூறைத் தாண்டுகிறது. அதற்குள் நாம் எல்லோரும் தலைநிமிர்ந்து நடக்கும் காலத்துக்கு இன்னும் நூறு வயதுகூட நிறையவில்லை. சுடிதாரும் புடவையுமாக அந்தக் கூடங்களில் நம் பெண்கள் நடக்கும்போது, அந்தச் சாதாரண நடைக்குப் பின்னால் அடிவாங்கியவர்கள் இருக்கிறார்கள். மரவேலையின் நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்கிற அதே மூச்சில் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அழகைப் பார்த்துக் கைதட்டுவதற்கும் அநியாயத்தைப் பெயர் சொல்லி அழைப்பதற்கும் ஒரு வீட்டில் இடம் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

யார் கையில் இருக்கிறது இந்த அரண்மனை என்று கேட்டால் பலருக்கு வியப்பு. ஊர் தமிழ்நாட்டில், கொட்டாரம் கேரள அரசின் தொல்லியல் துறையிடம். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதற்காக நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூடும் உங்களுக்குத் தெரிந்தவை. மண் இங்கே வந்தது, மாளிகையின் பராமரிப்பு அங்கேயே நின்றது. "நம்ம ஊர் அரண்மனையை அவங்க ஏன் வச்சிருக்காங்க?" என்று பொருமுகிற நண்பர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் சேர மாட்டேன். மரக்கட்டடத்தைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கரையான், ஈரம், எலி, நம்மைப் போன்றவர்களின் கைகள், எல்லாமே பகை. அவர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. நம் பொறுப்பில் இருக்கும் எத்தனையோ மண்டபத் தூண்களில் காதலர் பெயர்கள் இதயத்துக்குள் குடியிருப்பதைப் பார்த்த பிறகு, எல்லைத் தகராறு பேச எனக்கு நாக்கு எழவில்லை.

இரண்டு மாநிலமும் ஒன்றாகக் கைகூப்பும் நாளும் ஒன்று இருக்கிறது. நவராத்திரிக்கு முன், கொட்டாரத்தை ஒட்டிய கோயிலில் உள்ள சரஸ்வதி அம்மன் யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். கம்பர் பூசித்த சரஸ்வதி என்பது ஐதீகம். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன் போகிறார்கள். புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாறுகிறது. வழிநெடுக வரவேற்பு, களியக்காவிளையில் கேரள எல்லை, இரவுத் தங்கல்கள் என்று நடந்தே போய்ச் சேருவார்கள். தலைநகர் இடம் மாறிப் பல தலைமுறை ஆகியும் சாமிகள் ஆண்டுக்கொருமுறை போய் வந்துகொண்டிருக்கிறார்கள். புரட்டாசியில் விடுமுறை கிடைக்கிறவர்கள் அந்தப் புறப்பாட்டுக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

ஒரு முழு நாள் கேட்டேன், அது சனிக்கிழமைக்குச் சரியாகப் போகும். ஞாயிற்றுக்கிழமைக்கும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் டச்சுப்படை தோற்றபோது பிடிபட்ட டிலனாய், பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தளபதியாகி, திருவிதாங்கூர்ப் படையை நவீனமாக்கி, 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பக்கம் பக்கமாக. பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டுங்கள், திணறுவார்கள், நல்லது.

அந்த டிலனாயோடு பழகிக் கிறித்தவம் தழுவிய அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை. நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். சிறை, சித்திரவதை, ஊர் ஊராக இழுத்துச் செல்லல் எல்லாம் பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். காற்றாடிமலை நாம் திரும்பி வரும் வழியில்தான் இருக்கிறது. கொட்டாரத்தின் கற்கட்டிலைப் பார்த்தவர்கள் அந்தப் பாறையையும் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், 18-ம் நூற்றாண்டின் இரண்டு முகமும் கண்டதாகும். தக்கலையில் நேரம் இருந்தால் பீர்முகமது அப்பா தர்கா. வருடத்துக்கு ஒரு இரவு, அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுகிறார்கள். தமிழில்.

இவ்வளவும் கேட்டுவிட்டு "அப்ப திற்பரப்பு?" என்று ஒரு தம்பி பின்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அருவி எங்கேயும் போய்விடாது தம்பி, அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்வோம்.

போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு மட்டும் பாக்கி. திங்கட்கிழமை கொட்டாரம் திறக்காது. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறக்கும். மதியம் உணவுக்குப் பூட்டுவார்கள். அந்த நேரத்தில் தக்கலையில் சாப்பிட்டுவிட்டு வந்து அருங்காட்சியகம் பார்க்கலாம். ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் சனிக்கிழமையே நல்லது. படிகள் செங்குத்து, வாசல்கள் தாழ்வு. முட்டி வலிக்காரப் பாட்டிமாரைப் பூமுகத்திலும் ஊட்டுப்புரைக் கீழ்த்தளத்திலும் உட்காரவைத்துவிட்டு மேலே ஏறுங்கள். பந்திக் கணக்கை அவர்களிடம் கேளுங்கள், எந்த வழிகாட்டியைவிடவும் நன்றாகச் சொல்வார்கள்.